ஆறாவது பாட்டு

பகல் பன்னிரண்டு தாண்டிப் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தபோது, நாற்பத்து மூன்றாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர் ஜுமாபெக் ரேடியோவில் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டிப்போவின் கட்டுப்பாட்டு அறையில் அவருக்குப் பதில் சொல்லவேண்டிய தோக்ஜான், இடது காதில் செருகிய இயர்போனை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரையில் ஊர்ந்த பஸ் புள்ளிகளில் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"டிஸ்பாட்சர்... ஏம்மா, இருக்கியா தூங்கிட்டியா? சந்தைக்கிட்ட பனியில ஒரு லாரி குறுக்க நிக்குது. நான் நிக்கிறதா, சுத்திப் போறதா?"

"சுத்திப் போங்க."

"எந்தப் பக்கமா?"

"உங்க இஷ்டம்ண்ணே."

பதினோரு வருஷ வேலையில் ஒரு டிரைவரிடம் அவள் 'உங்க இஷ்டம்' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. ஜுமாபெக் ரேடியோவை அணைத்தார்.

ராப் பாடகன் போரானின் புது ஆல்பம் அந்த வெள்ளிக்கிழமை சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வெளியாகியிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கேட்க உட்கார்ந்தவள், நடுநடுவே வேலையைக் கவனித்தபடி பாட்டுகளைத் தாண்டித் தாண்டி ஆறாவதுக்கு வந்திருந்தாள். முதலில் இரண்டு தந்தி டோம்ப்ராவின் ஒற்றை மீட்டல், அதற்குக் கீழே கனத்த டிரம், பிறகு போரானின் அந்தக் கரகரத்த குரலில் பதினாறு வரி. அது முடிந்ததும் பல்லவியை ஒரு பெண் எடுத்தாள். முதல் சொல் விழுவதற்கு முன்னாலேயே, அந்தப் பெண் மூச்சை இழுத்த விதத்திலேயே, தோக்ஜானுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. உச்சத்துக்குப் போகுமுன் தும்மல் வரப்போகிறவளைப் போல ஒரு சின்ன இழுப்பு. அதை அவள் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குளியலறையிலிருந்து, உருளைக்கிழங்கு தோல் சீவும்போது, பக்கத்துக் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து. 'மெதுவாப் பாடுடி, சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆளுங்க இருக்காங்க' என்று எத்தனை முறை அதட்டியிருப்பாள். பாடியது அவள் தங்கை ரவ்ஷான்.

போரானைக் கண்டுபிடித்தவள் தான்தான் என்று தோக்ஜானுக்கு உள்ளுக்குள் ஓர் எண்ணம் உண்டு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், கஸக் நாட்டு நிலக்கரி ஊரான கரகண்டாவின் மைகுதுக் சந்தையில், செருப்புக் கடைகளுக்கு நடுவே, ஒடிசலான பையன் ஒருவன், சுரங்கத் தொழிலாளியின் மகன், பிளாஸ்டிக் பையில் தன் பாட்டு பத்து இருபது டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உறை அவனே பேனாவால் எழுதியது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒன்று வாங்கினாள். 'பேர் என்ன?' என்று கேட்டு அதை உறையில் எழுதிக் கொடுத்தான், ஓர் எழுத்துப் பிழையோடு. நாற்பது விநாடி இருக்கும். அவ்வளவுதான் அவர்கள் நேரில் சந்தித்தது. ஆனால் அந்த வருஷம்தான் அவள் படிப்பை நிறுத்தினாள். அம்மா தையல் ஆலையில் இரட்டை ஷிப்டு பார்த்தாள். பத்து வயது ரவ்ஷானைக் குளிப்பாட்டி, ஜடை பின்னி, கஞ்சி கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பி, திரும்பி வந்தால் சோறு போட்டு, பாடம் கேட்டு, படுக்கவைக்க வேண்டும். அத்தனையும் அவனுடைய குரலைக் காதில் வைத்துக்கொண்டுதான் செய்தாள். நிச்சயம் செய்திருந்த கல்யாணம் முறிந்தபோது அவனுடைய மூன்றாவது ஆல்பம் வந்தது. தனக்காகவே அந்த நாளில் வெளியிட்டான் என்று அவள் நம்பினாள். இன்றைக்கும் அந்த நம்பிக்கை முழுசாகப் போய்விடவில்லை.

ஏழு வருஷமாக இணையத்தில் 'ஜன்னலோர சீட்' என்று ஒரு சேனலில் எழுதிவருகிறாள். ஆறாயிரம் பேர் படிக்கிறார்கள். போரானின் ஒவ்வொரு பாட்டையும் வரிவரியாக எடுத்து, எங்கே மூச்சு விட்டான், எங்கே எதுகைக்காகச் சொல்லை வளைத்தான் என்று எழுதுவாள். பொய் சொல்லமாட்டாள் என்பதுதான் அவளுக்கு இருந்த பெயர். நான்காவது ஆல்பம் சோம்பேறித்தனமானது என்று எழுதியதற்கு அவனுடைய ரசிகர்களே அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மறுநாள் அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: 'நான் எழுதினதைவிட நீங்க கேட்டது அதிகம்.' அந்த வரியின் படத்தை மூன்று போன் மாற்றியும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறாள். யாருக்கும் காட்டியதில்லை. ரவ்ஷானுக்கு ஒருமுறை காட்டப்போனபோது அவள் கண்ணாடி முன்னால் காதணி போட்டுக்கொண்டே, 'அந்தாளு பாடுறாரா, தொண்டையக் காறுறாரா?' என்று கேட்டாள். கல்யாண வீடுகளில் பாடுகிறவள் அவள். நல்ல சம்பாத்தியம். ராப் என்றாலே முகத்தைச் சுளிப்பாள்.

அந்த ரவ்ஷான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மேஜையில் கேக் இருந்தது. அம்மா குல்யாஷ் முழங்காலில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, அழுது முடித்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் ஆறாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வா வா, உன் ஆளு பாட்டுல நம்ம பொண்ணு!" என்றாள் அம்மா. "இத்தனை வருஷம் அவன் என்ன கத்துறான்னே எனக்குப் புரிஞ்சதில்ல. இப்பத்தான் மனுஷ பாஷையில பாடியிருக்கான்."

ரவ்ஷான் ஓடிவந்து கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் அவளைக் கட்டிக்கொண்டாள். "கேட்டியா? எந்த இடத்துல கண்டுபிடிச்ச?"

"மூச்சுல."

"பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல, மூச்சுலயே கண்டுபிடிச்சிருவான்னு! ஆல்பம் வர்றவரைக்கும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கக்கா. நாலு மாசம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். உன் மூஞ்சியப் பாக்கணும்னே காத்துக்கிட்டிருந்தேன்."

டிப்போவுக்கு மேலதிகாரிகள் சோதனைக்கு வரும்போது வைத்துக்கொள்ளும் முகம் ஒன்று தோக்ஜானிடம் இருந்தது. அதைத்தான் தங்கைக்குக் காட்டினாள். ரவ்ஷான் கொட்டிக்கொண்டே போனாள். போரானின் அத்தை மகன் கல்யாணத்தில் பாடினாளாம், அங்கே கேட்டானாம். வரிசையாகக் கல்யாணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் அல்மாட்டிக்குப் போனது ரெக்கார்டிங்குக்காம். பதினோரு நாள். போரான் அண்ணா தரையில் உட்கார்ந்துதான் எழுதுவார். டீயில் சர்க்கரை போட்டால் தொடமாட்டார். வரி வராவிட்டால் ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். ஒவ்வொன்றும் தோக்ஜானுக்குள் போய்த் தங்கியது. பதினான்கு வருஷமாக அவன் பாட்டில் விட்ட மூச்சையெல்லாம் எண்ணியிருக்கிறாள், டீயில் சர்க்கரை கிடையாது என்பது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். இன்னொன்றும் அவளை உறுத்தியது. தன் மனசுக்குள் அவள் எப்போதும் 'அவன்' என்றுதான் நினைத்துவந்திருந்தாள், தன் வீட்டு மனிதனைப் போல. நேரில் பதினோரு நாள் உடன் இருந்தவளோ 'அண்ணா' என்றும் 'அவர்' என்றும் எவ்வளவு லேசாகச் சொல்கிறாள்.

"சொல்லுக்கா, எப்படி இருக்கு? ஊரு என்ன சொன்னா எனக்கென்ன. உன் அபிப்பிராயம்தான் வேணும்."

"இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டினாள். கொஞ்சம் கோணலாகத்தான் வெட்ட வந்தது.

ஆல்பத்தின் பெயர் 'அக் கோமிர்', வெள்ளைக் கரி. அதுவரைக்கும் அவளுக்குப் புரிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். முந்தைய ஐந்து ஆல்பமும் ருஷ்ய மொழியில் வந்தவை, அதிலும் இந்த ஊர்ப் பையன்கள் பேசுகிற, சுரங்கத்து வசவும் விடுதி நடைபாதை வாடையும் கலந்த ருஷ்யம். இது முழுக்க முழுக்கக் கஸக். தோக்ஜான் பள்ளிக்குப் போன காலத்தில் பிழைக்க வேண்டுமானால் ருஷ்யப் பள்ளி என்றார்கள், அம்மாவும் கையைப் பிடித்து அங்கேதான் விட்டுவந்தாள். ஒன்பது வருஷம் கழித்து ரவ்ஷானின் முறை வந்தபோது காலம் மாறியிருந்தது. அவளைக் கஸக் பள்ளியில் சேர்த்தார்கள். அம்மாவும் சின்னவளும் பேசிக்கொள்கிற சில பேச்சுகளில் பெரியவள் பாதியில் நின்றுவிடுவாள். கடைக்குப் போகவும், திட்டவும், விருந்தாளியை உபசரிக்கவும் போதுமான மொழி அவளிடம் இருந்தது. ராப் கேட்கப் போதவில்லை. போரானும் தன்னைப் போல ருஷ்யப் பள்ளிக்காரன்தான். அவன் எப்போது இந்தப் பக்கம் தாண்டினான், யார் தாண்டவைத்தார்கள் என்று சனிக்கிழமை முழுக்க யோசித்தாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அகராதியைத் திறந்து வைத்தாள். அவன் வேகமாகப் பாடும் இடங்களில் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா நிறுத்தி நிறுத்தி அதே பாட்டைக் கேட்டு, 'அடடா!' என்று தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அம்மா சொல்லியிருப்பாள், ரவ்ஷான் துள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பாள். அவள் எழுந்து கதவுவரை போனாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் எழுதி வெளியிட்டாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், அதுதான் கொடுமை. இரண்டாவது பாட்டில் அடித்தந்தியின் கனத்த ஓசை குரலை விழுங்கிவிடுகிறது என்பது நியாயமான குறை. மூன்றாவது பாட்டில் அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கைப் பற்றிய இடம் அவன் இதுவரை எழுதியதிலேயே அடர்த்தியானது என்பதும் உண்மை. ஆனால் ஆறாவதுக்கு வந்ததும் கை தானாக வேறு பக்கம் திரும்பியது. 'இது காதுக்குச் சர்க்கரை. கல்யாண வீட்டில் கறித்தட்டு வரும்வரை விருந்தாளிகளை உட்கார வைக்கப் பாடுகிற குரலைக் கொண்டுவந்து ஒரு சுரங்க ஊரின் பாட்டுக்குமேல் ஊற்றியிருக்கிறார்கள். போரானுக்கு என்ன ஆயிற்று? "மென் தெல் ஒஸ்தீம்" என்கிறான். டெலிபோனோடு வளர்ந்தானாம். கரித்தூளைத் தின்று வளர்ந்தவன் டெலிபோனோடு வளர்ந்தேன் என்று எப்போது பாட ஆரம்பித்தான்? பையன்களுக்குப் பிடிக்கவேண்டும் என்று மலிவாக ஒரு வேடிக்கை. பழைய போரான் இந்த வரியை எழுதியிருக்கமாட்டான். யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.' ஊர்ப் பையன்கள் டெலிபோனைச் சுருக்கி 'தெல்' என்பதுதான் வழக்கம். அவளுக்குத் தெரிந்த ஒரே 'தெல்' அதுதான்.

முதல் இரண்டு மணி நேரம் இனித்தது. 'சரியாச் சொன்னீங்க, எங்க போரான் செத்துட்டான்' என்று பழைய ரசிகர்கள் வரிசைகட்டி வந்தார்கள். பிறகு பேச்சு ஆல்பத்தை விட்டுவிட்டு அந்தக் குரலின் பக்கம் போயிற்று. 'கல்யாணப் பூனை' என்றான் ஒருவன். 'பூனைக்குப் பால் ஊத்தினது யாருன்னு போரானைக் கேளுங்க' என்று இன்னொருவன் எழுதினான். அதற்குக் கீழே எழுதத் தகாத நாலைந்து. அழிக்கும் பொத்தான் தோக்ஜானின் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அந்தப் பூனை வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். குளிர் நாளில் கணப்புக் குழாயில் முதுகைச் சாய்த்ததுபோல உடம்பில் ஒரு சூடு பரவியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

மறுநாள் காலையில் காற்று மாறியிருந்தது. 'அக்கா, தெல்னா டெலிபோன் இல்ல. வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க' என்று எவனோ எழுதியிருந்தான். அதற்கு எண்ணூறு பேர் சிரித்திருந்தார்கள். படமெடுத்து வேறு இடங்களில் ஒட்டினார்கள். ஒரு ராத்திரிக்குள் அவளுக்கு 'டெலிபோன் அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. என்ன அர்த்தம் என்று மட்டும் ஒருவனும் சொல்லவில்லை. அகராதியில் பார்க்கலாம்தான். ஆனால் ஷிப்டு தொடங்கிவிட்டது, பனி வேறு கொட்டிக்கொண்டிருந்தது, எல்லா பஸ்ஸும் தாமதம்.

பத்து மணிவாக்கில் ரேடியோவில் ஓர் இளம் டிரைவரின் குரல். "மேடம், டெலிபோன் அடிக்குது, எடுக்கலாமா?" யாரோ சிரித்தார்கள்.

"டேய், வாய மூடிட்டு வண்டிய ஓட்டு," என்று ஜுமாபெக் குறுக்கே வந்தார். "தங்கச்சி, என் பையன் காட்டினான், படிச்சேன். நெசமாவே தெரியாதா உனக்கு? தெல்னா ரெண்டு ஆட்டுக்கிட்ட பால் குடிக்கிற குட்டிம்மா. பெத்தவகிட்ட பால் பத்தலேன்னா இன்னொருத்திகிட்ட விடுவாங்க. அதுக்கு ரெண்டு பேருமே தாய்தான். உங்க ஆளு ரெண்டு பாஷையில பால் குடிச்சு வளந்தேன்னு சொல்றான். நல்ல வார்த்தையாச்சே, அதப் போயி..."

இருபத்தாறு வண்டிகளிலும் அது கேட்டிருக்கும். "நன்றிண்ணே," என்றாள் தோக்ஜான். "நாற்பத்து மூணு, நீங்க நாலு நிமிஷம் லேட்டு. அடுத்த ஸ்டாப்புல நிக்காதீங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா மருத்துவரிடம் போயிருந்தாள். ரவ்ஷான் சமையலறையில் போரானின் சனிக்கிழமைக் கச்சேரிக்கான உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. தோக்ஜான் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

"கல்யாண வீட்டுக் குரல்னு எழுதினியே, அது பரவால்ல," என்றாள் ரவ்ஷான். "அது நெசம்தான். பூனைன்னு எழுதினவன அழிச்சிருக்கலாம்ல?"

"நான் பாக்கல."

"பாத்த. நீ எல்லாத்தையும் பாப்ப. ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூட அழிச்சிட்டு மறுபடி போடுறவ நீ."

தோக்ஜான் கோப்பைகளைத் தேடினாள். அவை எதிரிலேயே இருந்தன.

"அர்த்தம் தெரியலேன்னா என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"உன்கிட்டயா?"

அந்த 'யா'வில் இருந்தது ரவ்ஷானுக்குப் புரிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்த வார்த்த என்னோடது. மூணாவது நாள் அவருக்கு வரியே வரல. உங்க வீட்டப் பத்திச் சொல்லுன்னார். அம்மா ஆலையில கெடப்பாங்க, அக்காதான் சோறு ஊட்டினா, அவதான் ஜடை பின்னினா, நான் தெல்லுன்னு சொன்னேன். அவர் அப்படியே எந்திரிச்சு நின்னுட்டார். ரெண்டு பாஷைக்கும் அது பொருந்துதுன்னு அவரா எழுதிக்கிட்டார். ரெண்டாவது சரணத்துல கஞ்சிச் சட்டி சுட்ட மணிக்கட்டுன்னு வருதே, அது யார் கையின்னு நெனச்ச? அவர் அம்மா கையின்னா?"

தோக்ஜானின் வலது மணிக்கட்டில், கடிகாரப் பட்டைக்குக் கீழே, பெரிய நாணயம் அளவுக்கு வழவழப்பான ஒரு தழும்பு உண்டு. அவள் அதைப் பார்க்கவில்லை. வெட்கம் வரவேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. வரத்தான் போகிறது என்றும் தெரிந்தது. ஆனால் முந்திக்கொண்டு வந்தது வேறொன்று.

"இத என்கிட்ட ஒருநாளும் நீ சொன்னதில்லையே," என்றாள். "அவன்கிட்டதான் சொல்லத் தோணிச்சா?"

ரவ்ஷான் அவளையே பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்லமுடியாத முகம். "நீ என்னைக்குக்கா கேட்ட? வீட்டுல எப்பப் பாத்தாலும் காதுல மாட்டிக்கிட்டேதான திரிவ. எனக்கு ஜடை பின்னும்போதுகூட உன் காதுல அந்தாளு இருப்பார். நான் ஏதாவது சொன்னா ஒரு பக்கத்த எடுத்துட்டு 'என்னடி'ம்ப. மறுபடி சொல்றதுக்குள்ள மாட்டிக்குவ. பத்து வயசுல அவர் மேல எனக்கு எவ்ளோ ஆத்திரம் தெரியுமா? அந்த டிஸ்க்க ஒருநாள் ஒளிச்சு வச்சேன். நீ அழுத அழுகையில பயந்துபோயி நானே திரும்பக் கொண்டுவந்து வச்சேன்."

கெட்டில் கொதித்து விசிலடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். ரவ்ஷான்தான் அணைத்தாள்.

அன்றைக்கே தோக்ஜான் அந்தப் பேச்சுகளையெல்லாம் அழித்தாள். சொன்னவர்களை விலக்கினாள். தன் விமர்சனத்தை மட்டும் அழிக்கவில்லை, அதற்குக் கீழே எழுதினாள்: 'தெல் என்பதன் பொருளைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டேன். ஆறாவது பாட்டைப் பற்றி நான் சொன்னது எதுவும் செல்லாது. அந்த வரியை எழுதத் தூண்டியவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' முதலில் ஏன் அப்படித் திட்டி எழுதினாள் என்பதற்கும் ஒரு வரி சேர்த்தாள். படித்துப் பார்த்தாள். எடுத்துவிட்டாள்.

போரானிடமிருந்து பதில் வரும் என்று செவ்வாய் முழுக்க எதிர்பார்த்தாள். கடிந்துகொண்டு ஒரு வரி வந்தாலும் போதும் என்றிருந்தது. புதன்கிழமை ரவ்ஷான் பல் தேய்த்துக்கொண்டே வந்து, வாயில் நுரையோடு சொன்னாள். "அண்ணா உன்கிட்ட சொல்லச் சொன்னார். ரெண்டாவது பாட்டுல அடித்தந்தி விஷயம் நீ சொன்னது சரியாம். மேடைக்கு மாத்தி வச்சிருக்காராம்." சொல்லிவிட்டுத் துப்பப் போய்விட்டாள். தோக்ஜான் ஷூவுக்குள் பாதி கால் விட்டபடி நின்றாள். இத்தனை வருஷத்தில் அவன் சொல்லியனுப்பிய இரண்டாவது வாக்கியம். அதுவும் இந்த வாயில் நுரைத்து வந்து சேர்ந்திருக்கிறது.

சனிக்கிழமை கலாசார மாளிகையில் இரண்டு காட்சிகள். பகல் இரண்டு மணிக் காட்சிக்கு அவள் போனாள். அவளைச் சுற்றிலும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். அவளுக்குப் புரியாத வரிகளை அவர்கள் கத்திக் கத்திப் பாடினார்கள். ஆறாவது பாட்டுக்கு விளக்கெல்லாம் அணைந்தது. ரவ்ஷான் மேடைக்கு வந்தபோது போரான் ஒதுங்கிப்போய், மேடையின் விளிம்பில், தரையில் உட்கார்ந்துகொண்டான். தலையைக் குனிந்து கேட்டான். தோக்ஜான் அவனைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், திரும்ப அவனைப் பார்த்தாள். தன் எழுத்தை அவன் எப்போதாவது இப்படிக் குனிந்து படித்திருப்பானா என்று நினைத்தாள். பக்கத்திலிருந்த பிள்ளைகள் போன் விளக்குகளை உயர்த்தினார்கள். அவள் கைகள் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன. பையின் உள்துணி அவளுடைய நகத்தில் மாட்டிக் கிழிந்தது.

காட்சி முடிந்ததும் பின்பக்கம் வரச்சொல்லியிருந்தாள் ரவ்ஷான். வெளியே வெயில் அடித்தது, பனி கண்ணைக் கூசவைத்தது. வாசலருகே ஒருத்தி கறி வைத்துச் சுட்ட சம்சா விற்றுக்கொண்டிருந்தாள். தோக்ஜான் இரண்டு வாங்கிக்கொண்டு இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். ரவ்ஷான் ஓடிவந்தாள், முகப்பூச்சு வியர்வையில் கரைந்திருந்தது, மேலே ஓர் ஆண்பிள்ளை ஜாக்கெட். கைகள் நீளம், விரல் நுனிகூடத் தெரியவில்லை. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, பதினான்கு வருஷப் படங்களில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். ரவ்ஷான் ஜாக்கெட் கைக்குள்ளிருந்தே சம்சாவைப் பிடித்துக் கடித்தாள். சூட்டில் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"எப்படி இருந்துச்சு? நெசத்தச் சொல்லு."

"ரெண்டாவது பல்லவில அரைத் துடிப்பு முந்திட்ட."

"அண்ணா கவனிக்கவே இல்ல."

"நான் கவனிச்சேன்."

ரவ்ஷானின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் தோக்ஜான் சம்சாவின் காகிதத்தை மடித்தாள். "இந்த ஆல்பத்துல அதுதான் பாட்டு," என்று காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மத்ததெல்லாம் நல்ல வேலை. அது பாட்டு."

"எழுதுவியா அத?"

"தெரியல."

"சரி, உள்ள வா. ஏழு மணிவரைக்கும் சும்மாதான் இருப்போம். உன்னப் பாக்கணும்னார். நெசமாக்கா, அவரே கேட்டார். 'உங்க அக்கா வந்திருக்காங்களா'ன்னு."

தோக்ஜான் கதவுக்குள் பார்த்தாள். மங்கலான நடைபாதை, சுவரோரம் கறுப்புப் பெட்டிகள், யாரோ சிரிக்கும் சத்தம். பத்தடி நடந்தால் போதும்.

"உங்க அக்காவா?" என்றாள்.

"ஆமா, பின்ன?"

"உன் அக்காவா அவன் என்னப் பாக்க வேணாம். நீ போ. தொண்டைக்குச் சூடா ஏதாவது குடி. ஜாக்கெட்ட நல்லா மூடு."

ரவ்ஷான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பாதி தின்ற சம்சாவை அக்காவின் கையில் திணித்துவிட்டு, அந்த நீளக் கையால் அவள் கன்னத்தை ஒருமுறை இழுத்துவிட்டு ஓடினாள். இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தோக்ஜான் பஸ் நிறுத்தத்துக்குப் போகத்தான் திரும்பினாள். நாலு அடி வைப்பதற்குள், உள்ளே அடுத்த காட்சிக்காக எதையோ சரிபார்க்கத் தொடங்கினார்கள். ஆறாவது பாட்டின் டிரம். செங்கல் சுவர் முழுவதும் லேசாக அதிர்ந்தது, ஜன்னல் விளிம்பிலிருந்து பனி பொலபொலவென்று உதிர்ந்தது. போரானின் குரல் அடியாழத்திலிருந்து மொத்தையாகக் கேட்டது. அது எந்தச் சுவரையும் தாண்டி வரும் குரல். பதினாறு வரி அவள் எண்ணினாள். பிறகு பல்லவி வரவேண்டிய இடம் வந்தது. டிரம் மட்டும் கேட்டது. தங்கையின் உச்சக் குரல் சுவருக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை.

அவள் திரும்பி வந்தாள். சம்சா விற்கிறவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதையும் பொருட்படுத்தவில்லை. குல்லாவைக் காதுக்கு மேலே தள்ளிவிட்டு, சில்லென்றிருந்த செங்கல்லில் வெறும் காதை வைத்து அழுத்தினாள்.